நாலாம் கட்டிலின் படங்கள்

வைட்ஃபீல்டில் மெட்ரோவை விட்டு இறங்கும்போதே சங்கமித்ராவுக்குக் கால் வலித்தது. திங்கட்கிழமை காலை, மணி இன்னும் எட்டாகவில்லை. ஞாயிறு முழுக்கப் படுத்துக் கிடந்தும் அந்தத் தூக்கம் உடம்பில் ஒட்டவே இல்லை. மழைத் தண்ணீர் தேங்கிய நடைபாதையில் இடம் பார்த்துக் கால் வைத்து ஆஸ்பத்திரிக்குள் வந்தாள். இரண்டாம் மாடியில் செருப்பை மாற்றிக்கொண்டு, தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவைத் தோளால் தள்ளினாள்.

பன்னிரண்டு கட்டில்கள். ஜன்னல் ஒன்றுகூட இல்லை. உள்ளே போய்விட்டால் பகலா இரவா என்று சுவர்க் கடிகாரம்தான் சொல்ல வேண்டும். வென்டிலேட்டர்கள் ஒன்றுக்கொன்று பிந்தியும் முந்தியும் மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. ஸ்பிரிட் வாசனை. அந்த அறையில் ஒன்பது வருஷமாக வேலை பார்க்கிற டாக்டர் அவள்.

மேசைக்கு முன் உட்கார்ந்து காலையில் எடுத்த எக்ஸ்ரே படங்களைத் திறந்தாள். ஒரு வருஷமாக இந்தப் படங்களை முதலில் பார்ப்பது கம்ப்யூட்டர்தான். சந்தேகப்படும் இடத்தைச் சுற்றி ஒரு சிவப்புக் கட்டம் போடும். எத்தனை சதவீதம் உறுதி என்று பக்கத்தில் எழுதும். சரி என்றோ தவறு என்றோ டாக்டர் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும், அவ்வளவுதான் வேலை. போன மாதம் புதிதாக ஒரு வசதியும் சேர்த்திருந்தார்கள். படத்தில் வேண்டாதது எதுவும் விழுந்திருந்தால் அதையும் காட்டிக்கொடுக்கும்.

நாலாம் கட்டிலில் நாகேஷ். ஆனேக்கல்காரன், கேப் ஓட்டுகிறவன், நிமோனியா. அவன் படத்தில் கட்டம் நுரையீரல்மேல் விழவில்லை. இடது தோளில் விழுந்திருந்தது.

கட்டத்துக்குள் நாலு விரல்களின் எலும்புகள் தோளை வளைத்துப் பிடித்திருந்தன.

'வேறொரு நபரின் கை. மீண்டும் படம் எடுக்கவும்' என்று கீழே எழுதியிருந்தது.

அவள் டெரிக்கைக் கூப்பிட்டாள். இருபது வருஷமாக அங்கே எக்ஸ்ரே எடுக்கிறவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாத மனிதர்.

"யாரைப் பிடிச்சுக்கச் சொன்னீங்க? லெட் ஏப்ரன் கூட இல்லாம?"

"யாரும் பிடிக்கல டாக்டர். மயக்க மருந்துல இருக்கறவரை எதுக்குப் பிடிக்கணும்?"

"அப்போ இது என்ன?"

டெரிக் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். "இன்னொண்ணு எடுத்துடலாம்" என்றார்.

இந்த முறை அவளும் கதிரைத் தடுக்கும் ஈய ஏப்ரனை மாட்டிக்கொண்டு கட்டிலுக்கு ஆறடி தள்ளி நின்றாள். நர்ஸ்கள் விலகினார்கள். நாகேஷ் அசையாமல் கிடந்தான். அவனைச் சுற்றி ஒருவரும் இல்லை. டெரிக் பொத்தானை அழுத்தினார்.

படத்தில் கை இருந்தது. கொஞ்சம் கழுத்துப் பக்கமாக நகர்ந்திருந்தது.

டெரிக் மெஷினைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். சங்கமித்ரா படத்தைப் பெரிதாக்கினாள். சுண்டுவிரலின் நடு எலும்பு எப்போதோ முறிந்து, சரியாகச் சேராமல் வெளிப்பக்கம் வளைந்திருந்தது.

அவளுக்கு அந்த விரலைத் தெரியும்.

ரத்தினம்மாளின் விரல். அது ஆக்சிஜன் சிலிண்டர் தள்ளுவண்டியில் சிக்கியபோது கட்டுப்போட்டுவிட்டது சங்கமித்ராதான்.

ரத்தினம்மாள் இங்கே ஆயாவாக இருந்தவள். கிராம்பை எப்போதும் கன்னத்தில் ஒதுக்கி வைத்திருப்பாள். படம் எடுக்கும்போது கிழங்கட்டைகள் நெளிந்தால் தோளைப் பிடித்துக்கொண்டு, "மூச்சை இழுத்துப் புடி சாமி, ஆச்சு, ஆச்சு" என்பாள். ஸ்ரீராம்புரத்தில் சங்கமித்ராவின் வீட்டுக்கு இரண்டு சந்து தள்ளித்தான் அவள் வீடு. "எங்க ஏரியாப் பொண்ணு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொள்வாள்.

ஜனவரியில் நிமோனியா வந்து இதே நாலாம் கட்டிலில் படுத்தாள். மூன்றாம் நாள் அவளுடைய படத்தில் கம்ப்யூட்டர் வலது நுரையீரலின் ஓரத்தில் கட்டம் போட்டது. காற்றுக் கசிவு, நாற்பத்தொரு சதவீதம். அன்றைக்குத் தோல் மடிப்பையெல்லாம் கசிவு என்று முப்பது தடவை கத்தியிருந்தது அது. சங்கமித்ராவுக்கு டியூட்டியில் இருபத்தாறாவது மணி நேரம். கண் எரிந்தது. 'தவறு' என்பதை அழுத்திவிட்டு டியூட்டி அறையில் போய்ச் சாய்ந்தாள். நாற்பது நிமிஷத்தில் ரத்தினம்மாளின் இதயம் நின்றது. திடீர் மாரடைப்பு என்று எழுதினாள். எல்லோரும் நம்பினார்கள். அந்தப் படத்தை யாரும் மறுபடி திறக்கவில்லை.

அவளுக்கும் கம்ப்யூட்டருக்கும் மட்டுமே தெரிந்த விஷயம்.

செவ்வாய்க்கிழமைப் படத்தில் கை கழுத்தடிக்கு வந்திருந்தது. அவள் யாரிடமும் சொல்லவில்லை. 'தவறு' என்று அழுத்தினாள். அழுத்திய விரல் அன்று பூராவும் மரத்தே இருந்தது.

புதன்கிழமை பகல் பதினொரு மணி. நாகேஷின் அன்றைய படத்தைத் திறந்தாள். நுரையீரல் இயல்பு, கசிவு இல்லை என்றது கம்ப்யூட்டர். கட்டம் எதுவும் போடவில்லை. கையைக்கூடக் காட்டவில்லை.

ஆனால் கை இருந்தது.

இடது மார்பின் அடி விலாவில், ஐந்து விரலும் விரித்து, அழுத்திக்கொண்டிருந்தது.

அவள் எழுந்து ஓடினாள். வாசலில் நாகேஷின் தாய் லட்சுமம்மா காலையிலிருந்து நின்றிருந்தாள். டாக்டர் ஓடுவதைக் கண்ணாடி வழியே பார்த்துவிட்டு, "ஏனாயித்து டாக்டரே? என்னம்மா ஆச்சு?" என்று கதவைத் தட்டினாள்.

கட்டிலருகே கிராம்பு வாசனை அடித்தது.

அந்தக் கை அவனைக் கொல்கிறதா, எதையாவது காட்டுகிறதா? யோசிக்க நேரமில்லை. அல்ட்ராசவுண்ட் கருவியை அந்த விலாவில், படத்தில் பார்த்த அதே இடத்தில் வைத்தாள். மூச்சுக்கு மூச்சு வழுக்கி அசைய வேண்டிய நுரையீரல் விளிம்பு அசையவில்லை. உள்ளே காற்று. திரையில் ரத்த அழுத்தம் தொண்ணூறு, எழுபத்தைந்து, அறுபது என்று சரியத் தொடங்கியது.

"ஊசி குடு சிஸ்டர். பெரிசு. சீக்கிரம்."

விலாவுக்குள் குத்தினாள். உஸ்ஸென்று காற்று வெளியே வந்தது. அழுத்தம் மெல்ல ஏறியது.

வெளியே வந்த காற்று சூடாக அவள் முகத்தில் பட்டது.

அதில் கிராம்பு மணத்தது.

அன்று சாயங்காலம் நேராக வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு சந்து தள்ளி, ரத்தினம்மாளின் வீட்டுக்காரர் கோவிந்தப்பாவின் கதவைத் தட்டினாள். கார்ப்பரேஷனில் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். முட்டியில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர், "வாம்மா, ஒக்காரு" என்று நாற்காலியைத் துடைத்தார். அவள் உட்காராமலே சொன்னாள். கட்டத்தை, நாற்பத்தொன்றை, தான் அழுத்திய பொத்தானை, போய்ப் படுத்ததை. கையைப் பற்றி மட்டும் சொல்லவில்லை.

அவர் தைல பாட்டிலின் மூடியைத் திருகித் திருகி மூடினார். மூடிய பிறகும் திருகிக்கொண்டிருந்தார்.

"பொழைச்சிருப்பாளா?"

"பொழைச்சிருக்கலாம் மாமா."

"அந்த நேரத்துல அவகிட்ட யாராச்சும் இருந்தாங்களா?"

"இல்ல. நர்ஸ் பக்கத்து பெட்ல இருந்தாங்க. நான் தூங்கிட்டேன்."

எதிர்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது.

"ஆஸ்பத்திரில இதை எழுதிக் குடு" என்றார் கடைசியில். "எனக்கு வேற ஒண்ணும் வேணாம். இப்போ நீ கெளம்பு. உன் மூஞ்சியப் பார்க்க முடியல."

அவள் அன்று இரவே எழுதினாள். எழுதி முடித்ததும் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு கனவில்லாமல் தூங்கினாள். இனி அந்தக் கை வராது என்று நினைத்தாள்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு விசாரணை. மருத்துவத் தலைவர் டாக்டர் சுந்தரமூர்த்தி, இன்னும் இரண்டு டாக்டர்கள், கம்ப்யூட்டரை இயக்க டெரிக். சுந்தரமூர்த்தி கடிதத்தை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"எழுதாமலே இருந்திருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் சார்."

அவர் பெருமூச்சு விட்டார். விசாரணை முடியும்வரை டியூட்டிக்கு வர வேண்டாம் என்றார். அவளுக்கு அது தண்டனையாகவே படவில்லை. தலையைச் சாய்த்துக்கொள்ள ஓர் இடம் கிடைத்ததுபோல இருந்தது.

"அந்த ஜனவரி படத்தைப் போடு டெரிக்."

பெரிய திரையில் ரத்தினம்மாளின் நெஞ்சு விரிந்தது. வலது ஓரத்தில் சிவப்புக் கட்டம். அதற்குள் மெல்லிய கோடாக நுரையீரலின் விளிம்பு. இன்று பார்த்தால் எவ்வளவு தெளிவாக இருக்கிறது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"இது யாரு?" என்று சுந்தரமூர்த்தி கேட்டார்.

கண்ணைத் திறந்தாள். அவர் கட்டத்தைப் பார்க்கவில்லை. படத்தின் மேல் மூலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குக் கட்டத்தைத் தாண்டி அவள் பார்க்கவே இல்லாத இடம்.

ரத்தினம்மாளின் தோளில் ஒரு கை இருந்தது.

நீண்ட விரல்கள். ஆணின் கை. மோதிர விரலில் ஒரு தடித்த மோதிரம் வெள்ளையாக மின்னியது.

"நீங்க பிடிச்சிருந்தீங்களா டெரிக்?"

"நான் மோதிரம் போடறதில்ல சார்."

டெரிக் யாரும் கேட்காமலே இன்னொரு படத்தைத் திறந்தார். "இது இன்னைக்குக் காலைல எடுத்தது. நாலாம் பெட், நாகேஷ். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியாம வெச்சிருந்தேன் சார்."

ரத்தினம்மாள் போகவில்லை. வளைந்த சுண்டுவிரலோடு அவள் கை நாகேஷின் தோளில் இருந்தது.

அதன்மேல், அதை மூடிப் பிடித்தபடி, மோதிரம் போட்ட அந்தக் கை.

அடியில் கம்ப்யூட்டர் எழுதியிருந்தது: 'வேறு நபர்களின் கைகள். எண்ணிக்கை: மூன்று.'

சுந்தரமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். எல்லோரும் திரைக்கு அருகே போய் நின்று, மூன்றாவது கையைத் தேடத் தொடங்கினார்கள்.