ஐந்து கால் எறும்பு

கற்பனையின் விலை அன்றைக்குத் தலைக்கு முந்நூறு. உடன்பிறந்தவர்கள் சேர்ந்து வந்தால் இரண்டு தலைக்கும் ஐந்நூறு. நூலக வாசலில் தொங்கிய பதாகை அப்படித்தான் சொன்னது: ‘உங்கள் குழந்தையின் கற்பனைக் கதவைத் திறக்க ஒரே நாள் போதும்! புகழ்பெற்ற சிறுவர் எழுத்தாளரோடு கதைப் பயிலரங்கம். தேநீரும் இரண்டு பிஸ்கட்டும் உண்டு.’ பிஸ்கட் எத்தனை என்று சொன்னவர்கள், கற்பனை எவ்வளவு கிடைக்கும் என்பதை மட்டும் நைசாக விட்டிருந்தார்கள்.

பதாகையைப் படித்து முடித்துப் பெருமூச்சு விட்டார் மதிப்பீட்டாளர் அம்மாள். காப்பீட்டு நிறுவனத்துக்காகத் தீப்பிடித்த கடைகளையும் நனைந்துபோன சரக்கையும் நேரில் பார்த்து, உண்மையான நட்டம் எவ்வளவு என்று சொல்வது அவர் தொழில். கடைக்குள் இருந்ததே இல்லாத குளிர்சாதனப் பெட்டிகளுக்காகக் கண்ணீர் விடும் முதலாளிகளை வாரம் முழுக்கப் பார்ப்பவர். பொய் கேட்காமல் சாப்பிடக் கிடைப்பது ஞாயிறு ஒன்றுதான். அன்று அதற்கும் வந்தது வேட்டு. தட்டில் கை வைத்தபோது போன் அடித்தது. பேசியவர் நூலகரான நாத்தனார்.

“அண்ணி, உடனே வாங்க. இங்க ஒரு பொண்ணைத் திருடின்னு சொல்லிட்டாங்க.”

“எதைத் திருடிச்சாம்?”

“கதையை.”

“எங்க வச்சிருந்த கதையை?”

“அண்ணி, விளையாடாதீங்க! எனக்குத் தலையே வெடிச்சிடும் போல இருக்கு. நாலு மணிக்குப் பெத்தவங்க எல்லாரும் வர்றாங்க. அதுக்குள்ள ஏதாவது பண்ணுங்க.”

அம்மாள் போனை வைப்பதற்குள் அவர் கணவர் சட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் அவர் படித்தவை எல்லாம் துப்பறியும் நாவல்கள். கையில் பூதக்கண்ணாடி.

“அதை எதுக்குங்க தூக்கிட்டு வர்றீங்க?”

“தடயம் பார்க்க.”

“கதை காணாமப் போயிருக்கு. அதுல கைரேகை எங்க இருக்கும்?”

“நீ வாம்மா, நான் பார்த்துக்கிறேன்” என்றார் அவர். முப்பது வருடமாக அம்மாளின் பொறுமையைக் கரைத்த வாக்கியம் அதுதான்.

நூலகத்தின் படிப்பறையில் முப்பது பிள்ளைகள் பிஸ்கட்டுக்குப் பிறகான மயக்கத்தில் இருந்தார்கள். ஒரு சிறுமி மட்டும் தனி நாற்காலியில், கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பத்து வயது இருக்கும். இரட்டைச் சடையில் ஒன்று அவிழ்ந்திருந்தது. அழுது முடித்து, இனி அழுவதில்லை என்று முடிவு செய்த முகம்.

எழுத்தாளர் பலூன் படம் போட்ட சட்டை அணிந்திருந்தார். குழந்தைகளுக்காக எழுதுகிறவர், குழந்தை கிட்டே வந்தால் ஓரடி பின்னால் நகர்கிறவர். “அம்மா, இது என் புதுப் புத்தகம், ரெண்டு வருஷத்துல நாலாவது” என்றார். “போன மாசமே அச்சுக்குப் போயாச்சு. என்னையும் என் மச்சானையும் தவிர ஒரு ஈ காக்கா பார்த்ததில்லை. பிழை திருத்த வந்த தாள் எல்லாம் என் பையில இருந்துச்சு. பையை நூலகரம்மாதான் பின்னறையில வச்சாங்க. இந்தப் பொண்ணு பென்சில் எடுக்கப் பின்னறைக்குப் போச்சு. திரும்பி வந்து என் கதையையே எழுதி, என் முன்னாடியே வாசிக்குது! எனக்கு எப்படி இருக்கும்?”

பக்கத்தில் நின்ற மச்சான், எழுத்தாளருடைய மனைவியின் தம்பி. நிகழ்ச்சி பிடிப்பது, கட்டணம் பேசுவது எல்லாம் அவன்தான். “நாங்க இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுத்ததில்லை மேடம். முதல் தடவை வந்ததுக்கு நல்ல மரியாதை.”

பக்கத்துப் பள்ளியின் தலைமையாசிரியை கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “நாலு மணிக்கு இவ மேடையேறி மன்னிப்புக் கேக்கணும். இல்லன்னா பள்ளி மலர்ல இவ பேரு வராது, நூலக அட்டையும் கிடையாது. நான் சொன்னா சொன்னதுதான்.”

“கேக்க மாட்டேன்” என்றாள் சிறுமி.

“பார்த்தீங்களா வாயை!”

அம்மாள் இரண்டு கதைகளையும் வாங்கிக் கணவரிடம் தந்தார். அவர் தொண்டையைச் செருமி, ஏதோ உயில் வாசிப்பதுபோல் வாசித்தார். இரண்டிலும் நடுக்கடலில் பெயரில்லாத ஒரு தீவு. தரை மஞ்சள் கண்ணாடி மாதிரி, கீழே இருப்பது தெரியும். கிட்டே போகிற கப்பல் எதுவும் திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். சிறுமியின் கதையில், தரைக்கு அடியில் ராட்சச எறும்பு ஒன்று தூங்குகிறது. அதற்கு ஐந்தே கால்கள். மாலுமிகள் உடைந்த பாய்மரத்தைச் செதுக்கி ஆறாவது கால் செய்து தருகிறார்கள். எறும்பு எழுந்து முதுகால் தீவை நெம்பிக் கப்பல்களை விடுவிக்கிறது. எழுத்தாளரின் கதையில், ஐந்து கால் கறுப்புப் பூதம். மாலுமித் தலைவன் அதன் முன் நின்று நாலு பக்கத்துக்குத் தத்துவம் பேசுகிறான். பூதம் அழுகிறது.

“எனக்கே அழுகை வந்துடுச்சு” என்றார் கணவர், எதனால் என்று சொல்லாமல்.

அம்மாள் சிறுமியின் முன் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். “கண்ணு, இந்தக் கதையை இதுக்கு முன்னாடி யார்கிட்டயாவது சொன்னியா?”

“கரடிகிட்ட.”

“கரடி விடுறதுக்கும் ஒரு அளவு வேணாமா?” என்றார் தலைமையாசிரியை.

“எந்தக் கரடி?”

“லீவுல வந்துச்சு. கதை கேட்டுச்சு. நல்ல கரடி.”

“சரி. உனக்கு அந்தக் கதை எங்கேர்ந்து தோணிச்சு?”

சிறுமி நூலகரை ஒருமுறை பார்த்தாள். உதடுகள் இறுகின. “சொல்ல மாட்டேன்.”

“இதுக்கு மேல என்ன ஒப்புதல் வேணும்?” என்றார் எழுத்தாளர்.

அம்மாள் சிறுமியின் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் பழக்கமான முகம் அது. திருடியவர்கள் நிறையப் பேசுவார்கள். கேட்காததற்கும் பதில் சொல்வார்கள். வாயை மூடிக்கொள்பவர்கள் எதையாவது உடைத்தவர்கள்.

“பின்னறையைப் பார்க்கணும்” என்றார்.

கணவர் முந்திக்கொண்டு ஓடிக் கதவைத் தள்ளினார். நகரவில்லை. இழுத்தார். தோளால் இடித்தார். “உள்ளே யாரோ தாழ் போட்டிருக்காங்க! ஆள் ஒளிஞ்சிருக்கான்!” என்று கிசுகிசுத்தார்.

அந்த நேரம் மச்சான் அடுத்த நிகழ்ச்சிக்கு யாரிடமோ போனில் விலை பேசிக்கொண்டே வந்தான். “நகருங்க சார், அத்தான் பையை எடுக்கணும்” என்று சொல்லிவிட்டு, பேச்சை நிறுத்தாமல் கைப்பிடியை மேலே தூக்கி, காலால் கதவின் இடது கீழ்மூலையில் ஒரு தட்டுத் தட்டினான். கதவு வழிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு பேசியபடியே போனான்.

“பலே ஆளு” என்றார் கணவர் தோளைத் தேய்த்துக்கொண்டு.

“ஆமா” என்றார் அம்மாள்.

பின்னறையில் அடுக்கிய நாற்காலிகள், வண்ணத்தாள், பென்சில் டப்பா. டப்பாவுக்குப் பக்கத்தில், அலமாரி மேல் ஒரு பழைய உலக உருண்டை. நிலமெல்லாம் அறையைப் பார்த்திருக்க, பெருங்கடல் சுவரைப் பார்த்திருந்தது. அதன் காலைச் சுற்றி விரல் கனத்துக்குத் தூசி. அம்மாள் உருண்டையைத் திருப்பினார். கடலைக் குனிந்து பார்த்தார். பிறகு, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, “அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க” என்றார்.

கணவர் அதைச் சட்டையில் துடைத்து, பெருமையோடு நீட்டினார்.

வெளியே வந்து நாத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டார். “பள்ளி லீவுல இங்க நீ இருந்தியா?”

“எங்க அண்ணி? மாமியாருக்குக் கண் ஆபரேஷன், மாசம் பூரா ஆஸ்பத்திரிதான். தற்காலிகமா ஒருத்தரைப் போட்டிருந்தாங்க. ஏதோ இலவசக் கதை நேரம் நடந்துச்சாம், வேஷம் எல்லாம் போட்டு ஒருத்தர் வந்தாராம். பிள்ளைங்க குஷியா இருந்துச்சுன்னு சொன்னாரு.”

“வந்ததுக்கப்புறம் பின்னறை அலமாரியைத் துடைச்சியா?”

நாத்தனார் முகம் சுருங்கியது. “அண்ணி, இப்போ அதுவா முக்கியம்?”

“அதுதான் முக்கியம்.”

உருண்டையைத் துணியால் மூடிக் கொண்டுவந்து படிப்பறை மேசையில் வைத்தார் அம்மாள். பிள்ளைகள் விழித்துக்கொண்டார்கள்.

“நான் கண்டுபிடிச்சுட்டேன்” என்று எழுந்தார் கணவர். “தலைமையாசிரியைதான்...”

“உக்காருங்க.”

உட்கார்ந்தார்.

“சார்,” என்று எழுத்தாளர் பக்கம் திரும்பினார் அம்மாள், “உங்க தீவுல கப்பல் ஏன் மாட்டிக்குது?”

“அது குறியீடும்மா. மனுஷன் ஆசையில மாட்டிக்கிறான் இல்லையா?”

“தரை ஏன் மஞ்சள்?”

“செல்வம். பொன்.”

“பூதத்துக்கு ஏன் அஞ்சு கால்?”

எழுத்தாளர் சட்டை நுனியை இழுத்துவிட்டுக்கொண்டார். “ஐம்புலன்” என்றார் பிறகு, அழுத்தமாக.

அம்மாள் துணியை எடுத்தார். பெருங்கடலின் நடுவே, எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு தீவு: காய்ந்துபோன மஞ்சள் பசைத் திட்டு. அதற்குள், கண்ணாடியில் பதித்ததுபோல, ஒரு கறுப்பு எறும்பு. “எண்ணிக்கோங்க. ஒரு காலு போயிடுச்சு. மிச்சம் அஞ்சு.”

முப்பது தலைகள் மேசையை மொய்த்தன. கணவர் பூதக்கண்ணாடியை வரிசைப்படி கொடுத்து, பெரிய மனிதர் ஆனார்.

அம்மாள் சிறுமியிடம் குனிந்தார். “பசையைக் கொட்டினது நீதானே?”

சிறுமியின் கண்கள் நூலகரிடம் போயின. “வேணும்னு பண்ணல. கரடிக்குக் கிரீடம் ஒட்டும்போது கை தட்டிடுச்சு. துடைக்கப் பார்த்தேன், எறும்பு மாட்டிக்கிச்சு. திட்டுவாங்கன்னு சுவர்ப் பக்கம் திருப்பி வச்சேன். எறும்பு பாவமா இருந்துச்சு. அதனால கதை சொன்னேன்.”

“இதுக்கா வாயைத் திறக்கல? அடி அசடே!” என்றார் நூலகர். திட்டுவதா கட்டிக்கொள்வதா என்று தெரியாமல், அவிழ்ந்த சடையைப் பிடித்துப் பின்ன ஆரம்பித்தார்.

“இப்போ கணக்கு நேர்” என்றார் அம்மாள். “எறும்பு இந்த அறையில இருக்கு. லீவுல மாட்டினது, துடைக்காத அலமாரித் தூசியே சாட்சி. சார் புத்தகம் அதுக்கப்புறம், போன மாசம்தான் அச்சுக்குப் போச்சு. அப்போ கதை பையிலேர்ந்து பொண்ணுகிட்டப் போகல. இங்கேர்ந்து பைக்குப் போயிருக்கு. தூக்கிட்டுப் போனது கரடி. வேஷத்துக்குள்ள இருந்த முகத்தை யாரும் பார்க்கல. ஆனா வேஷம் மாத்துற இடம் பின்னறை. புதுசா வர்ற யாருக்கும் திறக்காத அந்தக் கதவு, முதல் தடவை வந்தேன்னு சொல்ற ஒருத்தருக்கு மட்டும் எங்க தூக்கணும், எங்க தட்டணும்னு தெரியுது. போன் பேச்சுகூட நிக்கல.”

எல்லோரும் மச்சானைப் பார்த்தார்கள். அவன் போனைப் பார்த்தான்.

“கரடி மாமா!” என்று கத்தினான் ஒரு பொடியன், பரவசத்தில்.

எழுத்தாளரின் முகம் அவர் சட்டைப் பலூன்களைவிடச் சிவந்தது. “டேய், கனவுல வந்துச்சுன்னு சொன்னியேடா!”

“அத்தான், உங்களுக்கு ரெண்டு வருஷமா ஒரு வரி ஓடல. அக்கா ராப்பகலா புலம்புது. நான் வேற என்ன பண்றது? கனவுன்னு சொன்னா சந்தோஷமா எழுதினீங்க. எங்கேர்ந்து கனவு வருதுன்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா?”

“அப்போ இதுக்கு முந்தின மூணு புத்தகம்?” என்று கேட்டார் அம்மாள்.

“அதுவும் இதே மாதிரிக் கனவுதான்” என்றான் மச்சான். எழுத்தாளர் அதைக் கேட்டு மெதுவாக நாற்காலியில் அமர்ந்தார். குழந்தைகள் நாற்காலி அது. முழங்கால் மோவாய்க்கு வந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்தார். பிள்ளைகள் முன்னால், நூலகர் முன்னால், “இந்தப் பொண்ணு திருடல. கதை இவளோடது. நான் சொன்னது தப்பு” என்றார். பிறகு அவளிடம், “புத்தகத்துல உன் பேரைப் போட்டு நன்றி சொல்லிடறேன், சரியா?” என்றார்.

“வேணாம்” என்றாள் சிறுமி. “எறும்பைக் குடுத்துடுங்க. தீவை நீங்களே வச்சுக்கோங்க.”

“எறும்பு இல்லாம அந்தத் தீவுல என்னம்மா இருக்கு?”

“பசை.”

வாசலில் பெற்றோர் செருப்பு கழற்றும் சத்தம் கேட்டது. மேடையில் சிறுமி தன் கதையை வாசித்தாள். எறும்பு எழுந்து நின்ற இடத்தில் கைதட்டல் எழுந்தது. தலைமையாசிரியை மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும் வழியில் கணவர் பொறுமையிழந்தார். “நானும் பாதிக்கு மேல கண்டுபிடிச்சிருந்தேன் தெரியுமா? சரி, மதிப்பீடு என்ன? சொல்லு.”

அம்மாள் பசியோடு நடந்தபடி விரல் மடக்கினார். “திருடின்னு சொன்ன வாயாலயே இல்லைன்னு சொன்னது, எழுத்தாளர்: ஒண்ணு. தரையைப் பார்த்து முனகினது, மச்சான்: அரை. ‘பள்ளி மலரை அப்புறம் பார்க்கலாம்’னு சொன்னது, தலைமையாசிரியை: சைபர். மூணு பேர் கேக்க வேண்டிய மன்னிப்புல வந்தது ஒண்ணரை.”

“பாக்கி ஒண்ணரை.”

“அது இந்தப் பொண்ணுக்கு மட்டும். அந்த மூணு புத்தகத்துக்கு எந்த ஊர்ல, எந்தப் பிள்ளைங்க கரடிகிட்டக் கதை சொன்னாங்களோ. அவங்களுக்கு வரவு ஒண்ணுமில்லை. மொத்தமும் பாக்கி.”