ஐந்தரை மணி நேரப் பிழை

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, வேலையாட்கள் யாரும் இல்லாத இறால் கம்பெனியின் குளிர் அறை வாசலில் ஒரு ஜோடி ரப்பர் செருப்பு கிடந்தது. வீரலட்சுமி நின்றாள். தொண்டிக் கடற்காற்றில் இறால் ஓட்டின் நாற்றமும் அம்மோனியா வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டியது. கம்ப்ரசரின் உறுமல் தரை வழியே கால் எலும்புக்குள் ஏறியது.

ஆபீஸுக்குள் போய்ப் பார்த்தாள். திரையில் 'உள்ளே: 0' என்றிருந்தது. கார்டு தேய்த்து உள்ளே போன எல்லாரும் வெளியே வந்துவிட்டதாகக் கணக்குக் காட்டினால், சாத்தியதும் கதவு பூட்டிக்கொள்ளும். அந்தப் புரோகிராமை எழுதியவள் அவள்தான். கமுதிப் பக்கம் மிளகாய் பறித்த குடும்பத்தில் முதல் டிகிரி.

"செருப்பு யாரோடது சார்?"

"பூமயிலோடதா இருக்கும்," என்றார் மேனேஜர் தவசி. "லோடு அடுக்க அஞ்சு மணிக்கே வரச் சொன்னேன். வெறுங்காலோட வீட்டுக்குப் போயிருச்சு போல. கழுதைக்கு எப்பவும் மறதி."

அஞ்சு மணி.

இதுவரை யாரும் ஆறுக்கு முன்னால் வந்ததில்லை. சர்வர் கிரீன்விச் நேரத்தில் ஓடுகிறது, நம் நேரத்துக்கு ஐந்தரை மணி பின்னால். காலை ஐந்து மணி அதற்கு நேற்றிரவு பதினொன்றரை. அவள் எழுதியதோ இன்றைய தேதியை மட்டும்தான் தேடும். திருத்த இரண்டு நாள் கேட்டிருந்தாள். சீசன் முடியட்டும் என்றிருந்தார் தவசி.

ஐந்தரை மணியைக் கூட்டி மறுபடி தேடினாள்.

உள்ளே: 1. பூமயில். 5.10.

டங்.

"சாவி குடுங்க சார். உள்ள இருக்கா. உள்பக்கப் பிடி ஒடஞ்சு ஒரு மாசமாச்சு."

"லோடு வண்டி வரட்டும். இப்பத் திறந்தா சரக்கு உருகிரும். அது கம்ப்ரசர் சத்தம். பேசாம உக்காரும்மா."

டங். டங்.

சுவரில் சாய்ந்திருந்த, பனிக்கட்டி இழுக்கும் இரும்புக் கொக்கியை எடுத்தாள். சாவிக்கொத்தைப் பொத்தியிருந்த அவர் மணிக்கட்டில் இறக்கினாள். எலும்பு முறிந்தது. அவர் சாவியை விடவில்லை. இன்னொரு அடி. ரத்தத்தில் வழுக்கிய சாவியோடு ஓடினாள்.

இழுத்தாள். கதவு கனத்தது. கூடவே ஏதோ வந்தது.

பூமயில்.

இரண்டு உள்ளங்கையும் கதவின் உள்தகட்டில் உறைந்து ஒட்டியிருந்தன. நகங்கள் இல்லை. இமையெல்லாம் வெள்ளை. மூச்சு இல்லை. மடங்கிய முழங்காலோடு கதவிலேயே தொங்கினாள், விறைத்த கட்டையாக.

பிளந்திருந்த நெற்றி மெல்லப் பின்னால் போனது. தகட்டில் மோதியது.

டங்.

மறுபடியும் பின்னால் போனது.