குலுக்கலில் மீண்டும் அதே வீடு

"பக்கத்து வீட்டுல ஆறு பேர் இருக்காங்க மேடம். எனக்குப் பதிலா அவங்களை எடுத்துக்குங்க!"

கதவை முக்கால்வாசி மூடிக்கொண்டு பேரம் பேசியவனைத் தாரணி முறைத்தாள். குடையை மீறிய மழை அவள் இமைகளில் சொட்டியது.

"மாத்தி எடுக்க இது தக்காளியா? கம்ப்யூட்டர் குலுக்கல்ல உங்க வீடுதான் விழுந்திருக்கு. கைக்கு எட்டின வீட்டையெல்லாம் எடுத்தா சர்வே கோணலாயிடும்."

"நான் ஒருத்தன் சொன்னா மைசூரே சொன்ன மாதிரியா?"

"ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். உங்களை மாதிரி ஆயிரம் வீட்டுக்கு நீங்கதான் பதில் சார்."

"அப்போ ஆயிரம் பேர் தனியாத்தான் டீ குடிக்கறாங்களா... பாவம்!"

சிரித்தான். அந்தக் கண்கள்... விலை சொல்லாமலே வாங்க வைத்துவிடும் கண்கள்!

பெயர் சுதர்ஷன். தேவராஜ மொஹல்லா சந்தில் ஊதுவத்திக்கு வாசனை கலப்பவன். உள்ளே ஒரு வத்தி புகைந்தது. காற்று வாசலிலிருந்து உள்ளே அடித்தது. புகையோ காற்றை எதிர்த்து அவளை நோக்கி வந்தது...

மழைக்காலம் முடிந்து வேறு சர்வே, புதுக் குலுக்கல். விழுந்தது அதே வீடு! தட்டக் கையை ஓங்குமுன் கதவு திறந்தது.

"வாங்க தாரணி. டீ ஆறிடும்."

மேசையில் இரண்டு டம்ளர்கள்.

"நான் வர்றது எப்படித் தெரியும்?"

"தெரியாது. காலையிலேர்ந்து கை தானா ரெண்டு டம்ளர் எடுக்குது..."

அடுத்த சர்வேயிலும் அதே வீடு விழுந்தபோது, மேலதிகாரி நஞ்சுண்டசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்மா, அந்த வீட்டுப் பையனைப் பார்க்கக் குலுக்கல்ல கை வெச்சியா? நிஜம்னா வேலை போயிடும்."

தாரணிக்குச் சுரீரென்றது. "நீங்களே குலுக்குங்க சார். நான் தள்ளி நிக்கறேன்."

குலுக்கினார். அதே வீடு. மறுபடி குலுக்கினார். ஊரில் இத்தனை வீடிருக்க, அதே வீடு! யாரும் ஏற்றாத ஊதுவத்தி வாசனை அறையில் மெல்லப் பரவியது. மின்விசிறிக்குக் கீழேயே அவர் நெற்றி வியர்த்தது.

"சாமுண்டித் தாயே... உன் மேல தப்பில்லம்மா. போய் முடிச்சுட்டு வா."

வேலை தப்பியது. ஆனால் இனி அந்த வாசலில் நின்று ஒன்றும் தெரியாதவள்போல் கேள்வி கேட்க முடியுமா?

"எனக்குப் பதிலா நம்ம ஆபீஸ் ஸ்வாதியை அனுப்புங்க சார். சொந்தக்காரங்க வீட்டை நாமே எடுக்கக் கூடாதே."

"அவன் உனக்கு என்ன சொந்தம்?"

"இன்னும் கேட்கலை சார்..."

சந்தில் விளக்கேற்றும் நேரம். வெறுங்கையோடு நின்றவளைச் சுதர்ஷன் வியப்பாகப் பார்த்தான்.

"சர்வே இல்லையா?"

"ஸ்வாதி வருவா. இனிமே உங்களைக் கேள்வி கேட்கற தகுதி எனக்கில்லை. மனசு ஒரு பக்கமாச் சாய்ஞ்சிடுச்சு... பயமா இருக்கு சுதர்ஷன். யாரோ நம்மளைக் குலுக்கிப் போட்டுட்டே இருக்காங்க."

"எனக்கும் பயம்தான். ஆனா நீ திரும்பிப் போயிட்டா... அது இதைவிடப் பெரிய பயம் தாரணி."

அவன் நீட்டிய கையை அவள் பற்றினாள். அது சில்லென்றிருந்தது. அவள் விடவில்லை.