நூறு முனைகளும் ஒரு கசிவும்

அழுத்தமானியின் முள் ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. கசிவு என்றால் ஏறிக்கொண்டே அல்லவா போக வேண்டும்? இறங்குவானேன்? ஷண்முகப்ரியாவுக்கு எரிச்சலில் அழுகையே வந்தது.

மூன்று வருடமாக இதே கூத்து. அரிசிமணி அளவு சிலிக்கான் சில்லு, அதில் நூறு ஊசிமுனைகள். சூடே காட்டாமல், வெறும் மின்னழுத்தத்தால் அவற்றிலிருந்து எலக்ட்ரான்களை உருவ வேண்டும். உருவினால் எதிர்த்திரையில் முனைக்கொரு பச்சைப் புள்ளி மின்னும். வெற்றிடமாக்கிய எஃகுக் கலத்துக்குள் காற்று பொட்டளவு புகுந்தாலும் போச்சு, முனைகள் கருகிவிடும். இருபத்தேழு சில்லுகள் கருகியாயிற்று. இது கடைசி. "இன்னைக்கு ஒரு மணி நேரம் கரண்ட் ஆடாம நிக்கோணும்மா. இல்லீன்னா புராஜெக்ட்ட மூடிரலாம்" என்று சொல்லிவிட்டு ஆய்வு வழிகாட்டி ஜெகதீசன் காலையிலேயே கோயம்புத்தூருக்கு இறங்கிவிட்டார்.

குன்னூர் மூடுபனி மத்தியானமே ஆய்வக ஜன்னலை அடைத்து நிற்க, பம்பின் ஓயாத முனகலும் ஆல்கஹால் நெடியும் கீழே ஃபேக்டரியில் வறுபடும் தேயிலையின் வாசமும் ஒன்றாகக் குழம்பித் தலையைக் கனக்க வைத்தன. டெக்னீஷியன் ஷிஜோ, கூடலூர்க்காரன், கலத்தின் மூட்டுக்கு மூட்டு ஆல்கஹால் சொட்டிப் பார்த்துவிட்டான். கசிவிருக்கும் இடத்தில் முள் துள்ள வேண்டும். துள்ளவில்லை. எங்கேயும் லீக் இல்லை சேச்சி என்று கையை விரித்துவிட்டு டீ குடிக்கப் போனான்.

முள்ளையே முறைத்தாள். ஏற்றம். இறக்கம். நிதானமான தாளம். அவளுக்குத் தும்மல் வந்தது.

முள் துள்ளியது.

சே, பைத்தியக்காரத்தனம். இருந்தாலும் மூச்சைப் பிடித்துப் பார்த்தாள். முள் சரசரவென்று இறங்கி அடியில் நின்றது. கை தானாக மின்னழுத்தத்தைத் திருகியது. ஒரு புள்ளி. பத்து. நாற்பது. மூச்சு விட்டாள், எல்லாம் துடித்து மங்கின.

எழுந்து ஓடிவிடலாம் போல பயமாக இருந்தது. ஆனால் மூன்று வருடம் கெஞ்சியும் வராத கரண்ட்!

மறுபடி பிடித்தாள். நூறும் எரிந்தன.

ஒரு நிமிடம். நெஞ்சு அடைத்தது. இரண்டு. கண் இருட்டியது. மூன்றாவதில் அடைப்பு விட்டது. தவிப்பில்லை. வலியில்லை. இருபது. நாற்பது.

ஐம்பதாவது நிமிடம் கதவு திறந்தது.

"சேச்சி, கரண்ட் ஆடாம நிக்குதா?"

முள் ஏறியது.

அவள் மூச்சு விடவில்லை. ஷிஜோ விட்டுக்கொண்டிருந்தான். புள்ளிகள் துடித்தன. இன்னும் பத்தே நிமிடம்.

எழுந்து போனாள். சில்லிட்ட உள்ளங்கையை அவன் வாயிலும் மூக்கிலும் வைத்து, சுவரோடு சேர்த்து அழுத்தினாள். அவன் கால்கள் தரையை உதைத்தன.

முள் மெல்ல இறங்கியது. நூறு புள்ளிகளும் அசையாமல் எரிந்தன.