எர்த் கம்பி

ஓசைகளுக்கெல்லாம் அடித்தளம் பேஸ். மற்ற வாத்தியங்கள் வானத்தில் எத்தனை நிலைக் கோபுரம் வேண்டுமானாலும் கட்டட்டும், அந்தக் கோபுரம் நிற்பது பேஸின் தோளில்தான் என்பது சித்தார்த்தனின் வேதம். குயிலாப்பாளையத்தில் வீட்டைக் காலி செய்துகொண்டு தன் நாட்டுக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரர், பேஸ் கிட்டாருக்கான தன் சின்ன ஆம்ப்ளிஃபயரை அவனுக்கு விற்றபோது அந்த வேதத்தையும் இலவச இணைப்பாகக் கொடுத்துவிட்டுப் போனார். ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டிக்குள். ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் கச்சிதமாக உட்காரும். அதை வைத்துக்கொண்டு மரக்காணம் வட்டாரத்தில் அவன் வாசிக்காத கல்யாணம் இல்லை, காதுகுத்து இல்லை. அவன் வாசித்ததைக் கேட்டவர்கள்தான் இல்லை.

அன்றைக்கு அந்தப் பெட்டியின் உறுமல் சரியில்லை.

உறுமல் புதிதல்ல. அவசரத்துக்கு ஒயர் இழுத்த எந்த மேடையிலும் எர்த் சரியாக இருக்காது. சுவிட்சைப் போட்டதும் பெட்டி ஒரே சீராக உறுமும். அன்று அது விக்கியது. உறுமும், சட்டென்று நிற்கும், எதையோ யோசிக்கிற மாதிரி இருக்கும், பிறகு விட்ட இடத்திலிருந்து தொடரும். சித்தார்த்தன் ஜெனரேட்டரைத் திரும்பிப் பார்த்தான். அது டீசல் புகையைக் கக்கிக்கொண்டு அதன் பாட்டுக்குச் சீராக ஓடிக்கொண்டிருந்தது.

'உப்புச் செம்மல்' பக்கிரியின் படத்திறப்பு விழா அது. உப்பளங்களுக்கு நடுவே அவருடைய சொந்த நிலத்தில் பந்தல். மேடைக்குப் பின்னால் தென்னை உயரத்துக்கு ஃப்ளெக்ஸ் கட்டியிருந்தார்கள். அதில் செம்மல் கோட்டு சூட்டோடு பனிமலை உச்சியில் நின்றார். உற்றுப் பார்த்தால் அது பனிமலை அல்ல, அவருடைய உப்புக் குவியல்தான். கோட்டு ஃப்ளெக்ஸ் கடைக்காரர் உபயம்.

செத்து மூன்றாம் நாள். பதினாறு வரைக்கும் பொறுக்கலாமே என்று உறவுக்காரர்கள் சொல்லிப் பார்த்தார்கள். படத்தைத் திறந்துவைக்க வேண்டிய மாவட்டப் பிரமுகருக்கு அந்தத் தேதியில் வேறு கல்யாணம் இருந்தது. எல்லாமே அவசரத்தில் நடந்த காரியம்தான் என்று மைக் செட் கிருபா ஒயர் சுற்றிக்கொண்டே சொன்னான். பொழுது சாயும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவரை, விடிவதற்குள் இதே நிலத்தில், மேடைக்குப் பின்னால் புதைத்துவிட்டார்களாம். உடம்பு இன்னும் சூடாக இருக்கிறதே என்று மனைவி பாஞ்சாலை சொல்லியிருக்கிறார். இந்த ஊரில் ராத்திரியெல்லாம் சுவர்கூடத்தான் சூடாக இருக்கும் என்று பெரிய மகன் பாலகுரு பதில் சொல்லியிருக்கிறான். குழியில் ஆளுக்குக் கைப்பிடி உப்பு போடுவது வழக்கம். செம்மலுக்குக் கைப்பிடி உப்பா என்று பாலகுரு மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டச் சொன்னானாம்.

சித்தார்த்தனுக்குச் செம்மலைப் பற்றிக் கவலைப்பட நேரமில்லை. வங்கக்கடல் மெல்லிசைக் குழுவின் தலைவர், 'இசைப்பேரொளி' புருஷோத்தமன், அன்று காலைதான் அவனுக்குக் கெடு வைத்திருந்தார். (பேரொளிப் பட்டம் அவருக்குத் திண்டிவனத்தில் ஒரு அச்சகத்தில் கிடைத்தது, விசிட்டிங் கார்டோடு சேர்த்து.) கீபோர்டில் இடது கையாலேயே பேஸ் போட்டுவிடுவேன், உன் பெட்டி அடைக்கிற இடத்தில் வேனில் இரண்டு நாற்காலி ஏற்றலாம் என்பது அவர் வாதம்.

"இன்னிக்கி ஒரே ஒருத்தன், பேஸ் நல்லா இருந்துச்சுன்னு சொல்லட்டும்பா. நீ பர்மனென்ட்டு. இல்லியா, நாளைலேர்ந்து வராத."

வீட்டில் மனைவி ரேகாவும் அதையேதான் வேறு மாதிரி சொல்வாள். கல்யாண வீடியோக்களில் அவனைப் பார்த்தால், தொட்டிக்குள் வாயசைக்கிற மீனாட்டம் இருக்கிறானாம்.

ஆகவே அன்று உறுமல் நின்றாக வேண்டும். கிருபாவிடம் கேட்டான். அவன் ஓர் இரும்புக் கம்பியையும் பச்சை ஒயரையும் நீட்டினான்.

"எர்த் புடிக்கணும்னா உப்பும் ஈரமும் வேணும்ணா. எடம் பாத்து எறக்கு."

உப்பளத்தில் உப்புக்கும் ஈரத்துக்கும் பஞ்சமா என்று தோன்றும். ஆனால் பிரமுகரின் கார் சேற்றில் சிக்கக் கூடாதென்று பந்தலைச் சுற்றி ஜல்லி கொட்டி ரோலர் ஓட்டியிருந்தார்கள். கம்பி எங்கேயும் இறங்கவில்லை. மேடையைச் சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஃப்ளெக்ஸுக்குப் பின்னால் போனான். அங்கே மட்டும் மண் பொலபொலவென்று இருந்தது. மேட்டின்மேல் சம்பங்கி மாலைகள் வெயிலில் பழுப்பேறிக் கிடந்தன. அவற்றின் அழுகல் மணமும், பாத்திகளிலிருந்து வந்த காரமான உப்பு நெடியும், ஜெனரேட்டரின் டீசலும் சேர்ந்து தொண்டையில் ஒட்டின. தூரத்தில் கீற்று போர்த்திய உப்புக் குவியல்கள் வரிசையாக, முக்காடு போட்டு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறவர்கள் மாதிரி இருந்தன. யாரும் பார்க்கவில்லை.

ஓரமாகத்தானே என்று சொல்லிக்கொண்டான். கருங்கல் ஒன்றை எடுத்து, மேட்டின் ஓரமாக வைத்துக் கம்பியை அடித்தான். நறநறவென்று உப்பைப் பிளந்துகொண்டு இறங்கியது. பாதிக்கு மேல் போனதும் நின்றது. கல்லில் முட்டினால் கைக்கு அதிர்வு வரும். இது அதிரவில்லை. மெத்தையில் ஊன்றிய மாதிரி ஒரு நிற்றல்.

இன்னும் ஓர் அடி போட்டான். இளகிக் கொடுத்தது.

ஒயரை முறுக்கிவிட்டு வேகவேகமாக மேடைக்கு வந்தான். பெட்டி உறுமவில்லை. துளி சத்தம் இல்லை. வாங்கிய நாளிலிருந்து அது அவ்வளவு அமைதியாக இருந்து அவன் பார்த்ததே கிடையாது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் அந்த அமைதி, ஒன்றும் இல்லாத அமைதியாக இல்லை. ஆள் இருக்கிற அறையின் அமைதியாக இருந்தது.

பொழுது சாய விழா தொடங்கியது. பிரமுகர் படத்தைத் திறந்தார். பேசியவர்கள் எல்லாரும் செம்மலைப் பற்றி ஒரு வரியும் தங்களைப் பற்றி ஒரு மணி நேரமும் பேசினார்கள். வானம் செம்மண் நிறத்துக்கு வந்து, பாத்தி நீரெல்லாம் அதே நிறம் ஏறி, பிறகு கறுத்தபோது, புருஷோத்தமன் கண்ணை மூடிக் கையை உயர்த்திப் பாட்டைத் தொடங்கினார். சித்தார்த்தன் முதல் சுரத்தை மீட்டினான்.

தொம் என்று வந்தது. கூடவே, சற்றுத் தள்ளி, இன்னொரு தொம்.

எதிரொலி என்று நினைத்தான். திறந்தவெளி, ஃப்ளெக்ஸில் பட்டுத் திரும்பியிருக்கும். ஆனால் நாலு சுரம் போனதும் அந்த இரண்டாவது தொம் அவனுடையதற்கு முன்னால் வந்தது. அவன் விரல் கிட்டார்க் கம்பியைத் தொடும் முன்பே வந்தது. தாளத்தில் இல்லை. சில நேரம் இரண்டு சேர்ந்தாற்போல. பிறகு நீண்ட இடைவெளி. பிறகு ஒன்று, கனமாக, ஸ்பீக்கரை மூடிய முகத்துணி உப்பித் தணிகிற அளவுக்கு.

கையை எடுத்தான்.

தொம்.

வால்யூமைச் சுழியத்துக்கு இறக்கினான். தொம். பெட்டியிலிருந்து கிட்டார் ஒயரைப் பிடுங்கினான். தொம். தொம்.

பந்தலில் தலைகள் ஆடத் தொடங்கியிருந்தன. பிரமுகர் முழங்காலில் விரலால் தட்டினார். தபேலா வாசித்தவன் அந்தக் கோணல் அடிக்கேற்பத் தன் தாளத்தை வளைத்துக்கொண்டு, என்னமோ புதுசாகப் பண்ணுகிறாய் என்கிற மாதிரி சிரித்தான். புருஷோத்தமன் கீபோர்டிலிருந்து இடது கையை எடுத்துவிட்டு, பாட்டின் நடுவே குனிந்து, சித்தார்த்தனின் காதில் சொன்னார்.

"எங்கடா வெச்சிருந்த இத, இத்தினி நாளா?"

சித்தார்த்தன் கீழே பார்த்தான். பிடுங்கிய ஒயரின் முனை மேடைப் பலகையில் கிடந்தது. அதைக் காலால் மறைத்தான். ஏன் மறைத்தான் என்று அவனுக்கே தெரியாது. விரல்கள் கம்பிமேல் ஓடுவதாகப் பாவனை செய்தன. காது மட்டும் பெட்டிக்குள் போய்விட்டது. இப்போது தெளிவாகக் கேட்டது. உள்ளங்கையால் தட்டுகிற சத்தம் அது. கையை ஓங்க இடமில்லாதவன் தட்டும் தட்டல். நடுவே ஒரு தேய்ப்பு. நறநறவென்று. நகமும் உப்பும்.

பாலகுரு மேடையேறி வந்தான். நேராகப் பெட்டியிடம் வந்து நின்றான். பச்சை ஒயரைப் பார்த்தான். அது போகும் வழியே அவன் கண் போனது: பலகை, ஃப்ளெக்ஸின் அடி விளிம்பு, அதற்கப்பால். அவன் முகத்தில் ரத்தம் இல்லை. சட்டையைப் பிடிப்பான், அறைவான் என்று சித்தார்த்தன் காத்திருந்தான். அறைந்தால் நல்லது என்றுகூட இருந்தது. எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். மண்வெட்டி வரும்.

பாலகுரு குனிந்து, தோளில் நட்பாகக் கை போட்டான். கை சில்லிட்டிருந்தது.

"நிறுத்தாதணா. மத்ததெல்லாம் சவுண்டு ஏத்தச் சொல்றேன். நீ வாசிக்கிறதாவே இருக்கட்டும்."

கீபோர்டு ஏறியது. தபேலா ஏறியது. ஆனாலும் அடியில் அது இருந்தது. பெரிய சத்தங்களுக்குக் கீழே, எல்லாவற்றையும் தோளில் தூக்கிக்கொண்டு.

பெண்கள் பக்கமிருந்து பாஞ்சாலை எழுந்து வந்தார். யாரோ கையைப் பிடித்தார்கள், உதறினார். மேடை விளிம்பில் உட்கார்ந்து, பெட்டியின் முகத்துணிமேல் கன்னத்தை வைத்தார். அப்படியே இருந்தார். பிறகு உள்ளங்கையால் பெட்டியை ஒருமுறை தட்டினார்.

பெட்டி பதறியது. தொம் தொம் தொம் தொம். மூச்சுவிடாமல்.

கூட்டம் விசிலடித்தது.

பாஞ்சாலை நிமிர்ந்தார். பாட்டு முடிந்து அடுத்த பாட்டுக்கு முந்தைய இடைவெளி அது. பேரொளி பார்த்துக்கொண்டிருந்தார். பாலகுரு பார்த்துக்கொண்டிருந்தான். பிரமுகர், முதல் வரிசை, எல்லாரும், வாழ்க்கையில் முதன்முறையாக, சித்தார்த்தனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி," என்றார் பாஞ்சாலை. குரலில் கெஞ்சல் இருந்தது. "இது நீ வாசிக்கிறதா?"

ஒரு சொல். இல்லை என்று ஒரு சொல். நாக்கின் நுனியில் உப்புக் கரித்தது. இல்லை என்றால் தோண்டுவார்கள். முதலில் கம்பியைப் பார்ப்பார்கள். கம்பியின் முனையைப் பார்ப்பார்கள். இல்லை என்றால், இதுவும் அவன் வாசித்தது இல்லை.

"ஆமாம்மா," என்றான். "நான்தான் வாசிக்கிறேன்."

அவர் முகம் அணைந்தது. ஆனாலும் கையைப் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை.

அடுத்த பாட்டு. தொம். தொம். அவன் விரல்கள் சத்தமில்லாமல் கூடவே ஓடின. சற்று நேரத்தில் அடி தளர்ந்தது. அவனும் தளர்ந்தான். அவனைப் பார்த்துத் தபேலா தளர்ந்தது, கீபோர்டு தளர்ந்தது, பாட்டே தளர்ந்தது. உருக்கமாக வாசிக்கிறார்கள் என்று யாரோ கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். தொம். நீண்ட இடைவெளி. தேய்ப்பு. தொம். அதைவிட நீண்ட இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அவன் விரலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தான். மொத்தக் குழுவும் அவன் விரலைப் பார்த்துக் காத்திருந்தது.

வரவில்லை.

பெட்டி அமைதியாக இருந்தது. இந்த முறை ஒன்றும் இல்லாத அமைதி.

கைதட்டல் எழுந்தது. பிரமுகர் எழுந்து நின்று, பேஸ் வாசித்த தம்பி யார் என்று கேட்டார். மேடை விளிம்பில் பாஞ்சாலை பெட்டியைத் தட்டினார். காத்திருந்தார். மறுபடி தட்டினார். கன்னத்தை வைத்துக் கேட்டார். கைதட்டல் ஓய்வதாக இல்லை. அதற்கு நடுவே அவர் தட்டுவதும் கேட்பதுமாக, தட்டுவதும் கேட்பதுமாக இருந்தார்.

சித்தார்த்தன் எழுந்து நின்று கும்பிட்டான்.