வலப்பக்க இருக்கை

ஹம் நகருக்கு வெளியே இருந்த சிறிய விமானத் திடலுக்கு அல்பேர்ட் அன்று காலையும் வந்திருந்தார். ஒக்டோபர் பனிமூட்டம் புல்லின் மேல் படுத்துக் கிடந்தது.

பபுவா மலைக்காடுகளில், சேறும் சரிவுமான ஓடுபாதைகளில் இருபத்திரண்டு வருடம் விமானம் இறக்கியவர் அவர். பிறகு இங்கே இரண்டு பழைய இரட்டைச்சிறகு விமானங்களை வாங்கிக் குடும்பமாகப் பயணிகள் சேவை நடத்தினார். வசந்தத்தில், இதயம் சரியில்லையென்று மருத்துவர் அவரைத் தரையில் நிறுத்திவிட்டார். இப்போது ஓட்டுவது மகள் அஞ்சலா.

அவர் யாருக்கும் சொல்லாத ஒன்று உண்டு. பபுவாவில் மலையில் மோதி இறந்த கூட்டாளி தங்கராசா, அதன்பின் அவர் ஓட்டிய எல்லா விமானங்களிலும் வலப்பக்க இருக்கையில் இருந்தான். முதலில் அவனது சுருட்டு மணம் வரும். பிறகு காதோரம் குரல். அது சொன்னபடி திரும்பித்தான் அவர் இத்தனை காலம் உயிரோடிருந்தார்.

அஞ்சலா விமானத்தைத் தரையிறக்கிவிட்டு இறங்கி வந்தாள். முகம் வெளிறியிருந்தது. ஆற்றின் மேல் பனிமூட்டம் மூடிவிட்டதாம். உயர்மின் கோபுரம் ஒன்று திடீரென முன்னால் நின்றதாம்.

"இடப்பக்கம் திருப்பெண்டு றேடியோவில சொன்னது நீங்கள்தானே அப்பா?"

அவர் றேடியோவைத் தொடவேயில்லை.

"ஓம்," என்றார்.

மகள் பிழைத்துவிட்டாள். ஆனாலும் அவர் பார்வை அவளைத் தாண்டி அந்த வலப்பக்க இருக்கைக்குப் போனது.

அவள் கோப்பி குடிக்கப் போனதும் விமானத்துள் ஏறினார். வலப்பக்க இருக்கையில் அமர்ந்தார். இயந்திரம் சூடாறும் சத்தம் மட்டும் டக், டக் என்று கேட்டது.

"முப்பது வருசம் என்னோட இருந்தனி," என்று முணுமுணுத்தார். "இப்ப அவளிட்டப் போயிட்டியோ?"



சுருட்டு மணம் வந்தது.

இருக்கையின் தோள்பட்டி தானாகச் சுற்றி இறுகியது. மார்பு நெரிந்தது.

"எழும்பு," என்றது குரல். "அது என்ர இடம்."

எப்படி வெளியே விழுந்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

மறுநாள் பயணிகளை ஏற்றிவர அஞ்சலா தனியாகப் புறப்பட்டாள். போகாதே என்று சொல்ல வாயெடுத்தார். பயத்தில் சொல்கிறோமா, பொறாமையிலா என்று தனக்கே விளங்காமல் நின்றுவிட்டார்.

விமானம் எழும்பியது. கட்டுப்பாட்டு அறை றேடியோவில், எத்தனை பேர் இருக்கிறீர்கள் என்று வழக்கம்போல் கேட்டார்கள்.

அஞ்சலாவின் குரல் தயங்கவேயில்லை.

"இரண்டு பேர்."