மூன்று நாள் ராஜா

"எங்க அப்பா ராஜாவா இருந்தாரா, இல்லையா? அதை மட்டும் கண்டுபிடிச்சுச் சொல்லுங்க," என்றாள் லீலாவதி, உட்காருவதற்கு முன்பே.

1979 ஜூன் மாதம். டெல்லி ஜனக்புரியில் வெயில் மண்டையைப் பிளந்துகொண்டிருந்தது. ஓய்வுபெற்ற போலீஸ் அதிகாரி பாலசுப்ரமணியம் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பினார். பக்கத்து வீட்டு அழகர்சாமி, துப்பு என்றால் சோற்றையும் மறக்கும் ஆசாமி, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

லீலாவதியின் அப்பா ஜோதிலிங்கம், செங்குளம் சமஸ்தானத்து இளவரசர். அவள் கைக்குழந்தையாக இருந்தபோது காலரா வந்து, கிழ ராஜாவையும் அவரையும் ஒரே வாரத்தில் கொண்டுபோயிற்று. மகன் முந்தினார், தகப்பன் பிந்தினார் என்றுதான் அவள் அம்மா சாகும்வரை சொன்னாள். இப்போது திவான் மகன் தட்சிணாமூர்த்தி வந்து அதைத் தலைகீழாக்குகிறான். கிழவர்தான் முதலில் போனாராம். இளவரசர் மூன்று நாள் ராஜாவாக இருந்து, அதற்குள் அவனைத் தத்தெடுத்தாராம். ஆகவே மந்திர் மார்க் அருகே அவள் குடியிருக்கும் சமஸ்தான வீடு அவனுக்காம். அதை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

அவனுடைய சாட்சி ஒரு புகைப்படம். அதன் பிரதியை லீலாவதி நீட்டினாள். தலைப்பாகையும் முறுக்கு மீசையுமாக ஜோதிலிங்கம், மடியில் சிறுவன் தட்சிணாமூர்த்தி, பின்னால் கிழ ராஜாவின் மனைவி.

அழகர்சாமிக்குப் பொறுக்கவில்லை. "ராணியம்மா கழுத்துல தாலி கிடக்கு சார். அப்ப பெரிய ராஜா உசுரோட இருக்காரு. கேஸ் கதம்."

"அவசரப்படாதீங்க," என்றார் பாலசுப்ரமணியம். "தாலி கழட்டுறது பத்தாம் நாள் பக்கம். அதை வெச்சு அவனைப் பிடிக்க முடியாது. நாளைக்கு அவனை வரச் சொல்லுங்க."

மறுநாள் மாலை, லீலாவதியும் அழகர்சாமியும் காத்திருக்க, சஃபாரி சூட்டில் வந்திறங்கினான் தட்சிணாமூர்த்தி. பாலசுப்ரமணியம் டீ கொடுத்து உபசரித்தார்.

"படம் எப்ப எடுத்தது?"

"பெரிய ராஜா இறந்த மறுநாள். தத்து எடுத்த கையோட."

"பெரியவருக்குக் கொள்ளி வெச்சது யாரு?"

"மூத்த மகன் இருக்கையில வேற யாரு வைப்பாங்க? இளவரசர்தான். எங்க அப்பா கூடவே நின்னாரு."

"சாங்கியம் எல்லாம் முறைப்படி நடந்துச்சா?"

"அரண்மனையாச்சே சார். ஒரு குறை கிடையாது."

பாலசுப்ரமணியம் படத்தை அவன் முன்னால் வைத்தார். "அப்ப இந்த மீசை எப்படி வந்துச்சு? அப்பனுக்குக் கொள்ளி வைக்கிறவன் தலையும் மீசையும் மழிச்சுட்டுத்தான் நிப்பான். மறுநாளே முறுக்கிவிடுற அளவுக்கு யாருக்கும் முளைக்காது. இது பெரியவர் இருக்கும்போதே ஆசைக்கு எடுத்த படம். தத்துக் கதையை நீங்க பின்னால ஒட்டிக்கிட்டீங்க."

அழகர்சாமி தன் மீசையைத் தடவிப் பார்த்துக்கொண்டார். தட்சிணாமூர்த்தி டீயை ஓரமாகத் தள்ளினான். லீலாவதி பக்கம் திரும்பிக் குழைந்தான்.

"தங்கச்சி, யோசிச்சுப் பாரு. நான் சொல்றதை ஒத்துக்கிட்டா வீட்டுல பாதி உனக்கு. நீ ராஜா பொண்ணு. இல்லேன்னா உங்க அப்பா சிம்மாசனத்தைத் தொடாமலே செத்தவர்னுதான் பேரு."

லீலாவதிக்கு வலித்தது. பள்ளிக்கூடத்தில் 'பாதி இளவரசி' என்று கேலி பேசியவர்கள் முன்னால் ராஜா பெண்ணாக நிற்க அவள் எவ்வளவோ ஏங்கியிருக்கிறாள்.

"தொடலைதான்," என்றாள். "ஆனா பெத்த தகப்பன் செத்த மறுநாள் மீசையை முறுக்கிக்கிட்டுப் படத்துக்கு உட்கார்ந்தவர்னு எங்க அப்பாவை ஒருத்தரும் பேச நான் விடமாட்டேன். நீங்க கிளம்பலாம்."